வேப்பிலை கட்டிய கதவு

அண்ணே,

எதிர்வீட்டு வாசலில் இன்று காலை வேப்பிலை கட்டியிருந்தார்கள். அந்தக் கசப்பு வாசம் மூக்கில் ஏறியதும், அடுப்பில் பால் இருப்பதைக்கூட மறந்து தெருவைத் தாண்டி ஓடினேன்.

லாரி இடித்து உன் மண்ணீரலை எடுத்த அன்று, டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். "ரத்தத்துல வர்ற கிருமியப் பிடிக்கிற இடம்மா அது. மத்தவங்களுக்குக் காய்ச்சல் வந்தா உடம்பு சண்டை போட்டுப் பார்க்கும். இவருக்கு அவ்ளோ நேரம் கிடையாது. உடனே கூட்டிட்டு வரணும்." சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நீ சிரித்தாய். "கோரிமேட்டு செக்போஸ்ட்ட எடுத்துட்ட மாதிரிதான் பாப்பா. இனிமே யார் வேணா உள்ள வரலாம்." இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போனது. பயமும் கூடவே போய்விட்டது.

அந்தச் சித்திரையில் ஒருநாள் ஆலைச் சங்கு ஊதியும் நீ எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள் பல் தந்தியடித்தது. வெயில் ஏறுவதற்குள் கால்களில் புள்ளிகள். அம்மா பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வந்திருக்காடி. ஊசி கீசின்னு வாயத் தொறக்காத." தெருவில் இரண்டு வீட்டில் அம்மை இருந்தது. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது, அண்ணே. அம்மை என்றால் பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாமே. வேப்பிலை ஒடித்துவந்து கதவில் கட்டியது நான்தான்.

மத்தியானம் நீ கேட்டாய். "டாக்டரு சொன்னாரே. போலாமா பாப்பா?"

"சும்மா படுண்ணே. ஆத்தா கோவிச்சுப்பா" என்றேன்.

சாயங்காலம் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஊதாவாகிவிட்டன. ஒன்றில்கூட நீர் கோக்கவில்லை. இது அம்மை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பளம் மைதானத்து முனைக்கு ஓடி ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கதவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். "ஆத்தா இருக்கற ஊட்லேர்ந்து ஆள ஏத்தமாட்டேம்மா." அவர் காலைப் பிடித்து அழுதேன். கட்டிய கொத்தை நானே பிய்த்தெறிந்தேன். அவர் போய்விட்டார். வேறு வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உன் கை என் மடியில் குளிர்ந்திருந்தது.

இன்று ஓடிப்போய்ப் பார்த்தால், எதிர்வீட்டுக் குழந்தைக்கு நீர் கோத்த முத்துதான், சாதாரண அம்மை. இருந்தாலும் அதன் தாயிடம் சொன்னேன்: "புள்ள சோர்ந்து போனா தூக்கிட்டு ஓடும்மா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஏழு வருஷமாக அந்தச் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது. நீ கேட்டதற்குத் தினமும் பதில் சொல்கிறேன்.

போலாம்ணே. எழுந்திரு.