இரட்டைக் கொம்பின் மேல்சுழி

என் மேரிக்கு,

உன்னை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. பால் இன்னும் இரண்டு பாக்கெட்தான் வாங்குகிறேன், ஒன்று திரிந்துபோகிறது. மற்றபடி வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

உன் எழுத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில், சூப்பர்வைசராக நீ ஒட்டிய அறிவிப்பு ஞாபகம் இருக்கிறதா? ‘கேட்டு எடுக்கவும்’ என்றிருந்ததை ஷபானா ‘கெட்டு எடுக்கவும்’ என்று வாசித்தாள். லைனே சிரித்தது. வீட்டில் உருது பேசுகிறவள், முப்பது வயதுக்கு மேல் தமிழ் படிக்க ஆரம்பித்தவள். அதன்பிறகு அந்த அறிவிப்புப் பலகைப் பக்கமே அவள் வரவில்லை.

தப்பு அவள்மேல் இல்லை என்றாய். அந்த ஃபான்டில் ‘கே’க்குப் போடும் இரட்டைக் கொம்பின் மேல்சுழி ரொம்பச் சின்னது. பிரின்டில் மை அடைத்துக்கொண்டு ஒற்றைக் கொம்பாகத் தெரிகிறது என்றாய். கம்ப்யூட்டரில் அந்த ஃபான்டையே திறந்து சுழியைப் பெரிதாக்கினாய். அடுத்த அறிவிப்பை ஷபானா தடுமாறாமல் வாசித்தாள்.

நீ போன பிறகு கம்பெனி பாதுகாப்புக் கையேடு ஒன்றை, ராணிப்பேட்டை யூனிட்டுக்கும் சேர்த்து, நீ திருத்திய எழுத்திலேயே அச்சடிக்க நினைத்தது. உன் கோப்பு என்னிடம் இருந்ததால் அச்சகத்தில் என்னிடம்தான் ஃபான்டைக் கேட்டார்கள், கூடவே லைசென்ஸையும். அப்போதுதான் அதைப் படித்தேன். வடிவத்தை மாற்றக் கூடாது. மாற்றியதை யாருக்கும் தரக் கூடாது. கம்பெனி வாங்கியது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். உனக்கு இது தெரியுமா மேரி? தெரிந்தேதான் மாற்றினாயா?

ஃபான்ட் செய்தவர்களுக்கு எழுதினேன். நீ இல்லை என்பதையும் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. அனுமதிக்க முடியாது, மாற்றிய கோப்பை அழித்துவிடுங்கள் என்றிருந்தது. அவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த எழுத்து. எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அழிக்கவா என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தினேன். கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டேன்.

பிறகு, யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று லைசென்ஸிலேயே விட்டிருக்கும் வேறொரு ஃபான்டை எடுத்தேன். மாற்றினால் புதுப் பெயர் வைக்க வேண்டுமாம், அவ்வளவுதான். ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற கை எனக்கு. ஒரு சுழியை மை அடைக்காதபடி திறக்க ஆறு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. உன் பெயரையே வைக்கச் சொன்னார் மேனேஜர்.

“வேணாம் சார். இது அவ வரைஞ்சது இல்ல” என்றேன்.

நேற்று கையேடு வந்தது. முதல் பிரதியை ஷபானாவிடம் கொடுத்தேன். மூன்றாவது வரியில் ‘மேல்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் வாசித்தாள்.

“மேரிக்கா போட்டதுல இன்னும் தெளிவா தெரியும்ணா. இதுல கொஞ்சம் கம்மி.”

“ஆமாம்மா” என்றேன். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த பதிப்புக்குள் அந்தச் சுழியை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறேன், மேரி. ஷபானா நிற்காமல் படிக்கிறவரை விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
சாமுவேல்