வாளிக்குள் கிடந்த தெர்மாமீட்டர்

என்னங்க,

வருணுக்கு உடம்பு அனலா கொதிக்குது. சவுதியில பொம்பளை நானா வண்டி ஓட்ட முடியும்? எதிர்வீட்டு சந்தியாவும் அவ வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க.

காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டரை வீடு பூரா தேடினேன். பாத்ரூம்ல நீங்க திருட்டுத்தனமா காய்ச்சுற பீர் வாளிக்குள்ள கிடக்கு, நுனி உடைஞ்சு. பிள்ளை அக்குள்ல வைக்கிறதைக் கொதிக்கிற சரக்குல விட்டா வெடிக்காம என்ன செய்யும்? இதுல இன்ஜினியர் வேற. பாத்திரக்கடையில நூறு டிகிரி செல்சியஸ் வரைக்கும் காட்டுறது நீளமா ஒண்ணு விக்குதாம், அதை வாங்கித் தொலைங்க.

நாலு மணிக்கு ஏசி பார்க்க ஆள் வர்றான், அதுக்குள்ள வாளியை மறைச்சு வைங்க. சாம்பார் அடுப்புமேல. நேத்து சண்டையில நான் சொன்னது சொன்னதுதான்.

நளினி

பி.கு: உடைஞ்ச தெர்மாமீட்டரோட பாதரசம் அந்த பீருக்குள்ளதான் இருக்கு, ஒரு வாய் கூட குடிச்சிடாதீங்க. இதை எழுத மறந்துட்டு இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி திரும்ப ஏறி வந்தேன்.