மீன் எண்ணெய் மாத்திரை

நான் முகம் கொடுத்துப் பேசாத தங்கச்சிக்கு,

என் மகளிடம் நீ கொடுத்தனுப்பிய மாத்திரை வந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்று அவள்தான் சொல்லியிருப்பாள்.

டாக்டரிடம் காட்டினேன். "மீன் எண்ணெய்மா இது. சில பேருக்கு அரிப்பு கம்மியாவுது. போட்டுப் பாருங்க, நான் குடுத்தத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

நான் மீனை விட்டு இருபத்தாறு வருஷம். அண்ணாமலையாருக்காக விட்டேன் என்று தெருவே நினைக்கிறது. என் மகள் காதுகுத்தில் நான் பரிமாற வந்தபோது, "அக்கா கை ஒரே மீன் கவுச்சி, வேற யாராவது போடுங்க"ன்னு சபையில் சொன்னாயே, அதற்காக விட்டேன். அன்றைக்கு நீ மஞ்சள் புடவை கட்டியிருந்தாய்.

ஆனாலும் விழுங்கினேன்.

ஒருநாள் ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. சின்னச் சின்ன மீன்கள் என் மேல் ஏறி, அரிக்கிற இடமாகப் பார்த்துக் கொத்தின. ஏரியில் காலை விட்டு நாம் உட்கார்ந்திருப்போமே, அந்தச் சுகம். நடு முதுகுக்கு மட்டும் அவை வரவில்லை. அங்கே என் கையும் எட்டாது. சின்ன வயதில் நீதான் சொறிந்துவிடுவாய்.

அரிப்பு கொஞ்சம் கம்மிதான். அடுத்த டப்பாவை யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே எடுத்து வா. நகம் வெட்டாமல் வா.

எதையும் மறக்காத,
உன் அக்கா