செய்தியில் பேசுகிறவர்

செய்யூர்
10 மே 2021

அன்புத் தம்பி கலைவாணனுக்கு,

அக்காவின் ஸ்தோத்திரம். ஃபோனில் பேசினால் உன் மாமா பக்கத்தில் இருந்தே கேட்கிறார். அதனால் எழுதி, சென்னைக்குப் போகும் பால் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எடுத்த பேட்டியை உங்கள் செய்திச் சேனலில் நாள் முழுக்கப் போடுகிறார்கள். "இலைச்சாறு குடிச்சேன், கொரோனா ஓடிப்போச்சு" என்று மாமா சொல்வதைப் பார்த்து, ஜனம் சொம்போடு வாசலுக்கு வருகிறது. அவருக்கு வந்தது கொரோனாதானா என்று யாருமே பரிசோதிக்கவில்லையே தம்பி.

இப்போது மறுபடியும் காய்ச்சல். மூச்சு இரைக்கிறது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "டிவில சொல்லிட்டு நானே போய்ப் படுத்தா ஊரு இன்னா பேசும்?" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். சொல்லேன்.

உன் அக்கா,
அன்பரசி

சென்னை
13 மே 2021

பாசமுள்ள அக்காவுக்கு,

மாமாவிடம் பேசினேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. வீணாகப் பயப்படாதே. நான் செய்த எந்தச் செய்தியையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. ஆசிரியர் இன்னொரு பேட்டி கேட்கிறார். அடுத்த வாரம் கேமராவோடு வருகிறேன். அதுவரை ஆஸ்பத்திரிப் பேச்சு வெளியே போகவேண்டாம். எனக்கு மீன் குழம்பு வைத்து வை.

அன்புத் தம்பி,
கலைவாணன்

செய்யூர்
24 மே 2021

கலைவாணனுக்கு,

உன் மாமாவைப் புதைத்து நாலு நாளாகிறது. ஆம்புலன்ஸ் மதுராந்தகம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அன்று கல்லறையிலிருந்து திரும்பி வந்தால், தெருவில் வீட்டுக்கு வீடு டிவியில் அவர் குரல் கேட்கிறது. சாறு கேட்டு வந்த கன்னியம்மாவிடம் அவர் போய்விட்டார் என்றேன். "அண்ணாத்த இப்பத்தான் டிவில பேசிகினு கீறாரு. செத்துட்டாருன்றியே, குடுக்க மனசில்லையா?" என்றாள். என் காலில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டினேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாத்த, கொஞ்சம் வெளிய வாயேன்" என்று கூப்பிட்டாள். அவளுக்கும் மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று கெஞ்சினேன். போகவில்லை. நேற்று அவளையும் கொண்டுபோனார்கள், கல்லறைக்கு.

இன்று நானே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அவர் வாயைத் திறக்கும் முன் ஓரமாக ஒரு ஆளைப் பார்க்கிறார். உன் குரல் மெல்லக் கேட்கிறது. "காய்ச்சல்னு சொல்லாத மாமா. கொரோனான்னு சொல்லு." அவர் தலையாட்டிவிட்டு, அப்படியே சொல்கிறார்.

இதை எழுதும்போதும் வாசலில் யாரோ நின்று அவரைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தச் செய்தியை நிறுத்தச் சொல். நிறுத்திய பிறகும் நீ இந்த வீட்டுக்கு வரவேண்டாம்.

அன்பரசி