நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ்

அக்டோபர் 7

இன்று அலெக்சாந்திரியாவின் கர்மூஸ் தெருக்களின் மீது படையெடுத்தேன். ஆயுதங்கள்: தோள்பை நிறையப் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் நார், வடிகட்டி, நைலான் கயிறு. முதல் மாடிப் பெண் ஒருத்தியிடம், இந்தப் பிரஷால் தேய்த்தால் நிலாவின் கறைகூடப் போய்விடும் என்றேன்.

"முதல்ல உங்க சட்டைக் காலரைத் தேய்ச்சுக் காட்டுங்க மாமா."

தேய்த்தேன். காலர் கிழிந்தது. சிரித்து முடித்துவிட்டு இரண்டு பிரஷ் வாங்கினாள். பாடம்: சரக்கு தோற்றாலும் அதை விற்கிற இந்த ஷஹாத்தா ஜெயிக்கலாம்.

அக்டோபர் 12

மூன்றாம் மாடி இனாயத். கணவர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. ஒரே அண்ணன் வெளியூரில், தமன்ஹூரில். தனியாக இருப்பதால் விற்க வருகிறவர்களுக்குக் கதவு திறக்காது. பால்கனியிலிருந்து கூடைதான் இறங்கும். பணத்தோடு வரும், சாமானோடு போகும். அந்தக் கூடையின் நீலக் கயிறு நான் விற்றது. அலெக்சாந்திரியா துறைமுகத்தில் நிற்கும் கப்பலையே கட்டி இழுக்கும் என்று சத்தியம் செய்து விற்றேன்.

இன்று வடிகட்டியோடு மேலே போன கூடை மறுபடி இறங்கியது. உள்ளே ஒரு கிளாஸ் டீ, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல்.

"கப்பல் கிடக்கட்டும். டீயைத் தாங்குதான்னு பார்த்தேன்" என்றது மேலிருந்து குரல்.

என் வீட்டில் டீ போடுவதும் நான்தான், நன்றாக இருக்கிறது என்று சொல்வதும் நான்தான்.

அக்டோபர் 19

அந்தத் தெருவில் வேலை எதுவும் இல்லை. போனேன்.

"இன்னும் ஒரு பிரஷ் வாங்கினா தேய்க்க எனக்குச் சுவர்தான் மிச்சம்" என்றாள். சுவருக்கும் நல்லது என்றேன். கூடை இறங்கியது.

அக்டோபர் 30

தொழில் விதி. என் பரம்பரைக்கு விட்டுப் போக வேறு சொத்தில்லை (பரம்பரையும் இல்லை), எழுதியாவது வைக்கிறேன்.

வாசலில் யாராவது "நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ்" என்றால் வேண்டாம் என்று பொருள். இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை. இறைவன் நாடினால் என்று அவன் தலையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். மறுநாளும் போய் நிற்பவன் தொழிலுக்குப் புதுசு, இல்லையென்றால் பைத்தியம். நான் அதைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவேன். இந்த விதி என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

நவம்பர் 3

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். புதுச் சட்டை.

வாசல் காவல்காரன் இத்ரீஸ் மேலும் கீழும் பார்த்தான். "யோவ், பிரஷ் விக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"ரெண்டும் கதவைத் தட்டற வேலைதான்."

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கண், வெள்ளை முக்காட்டின் ஓரம், வெங்காயம் வதங்கும் வாசனை. கல்லையும் பேசிப் பேசி வாங்க வைத்த வாய் எனக்கு. அதிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

"உங்க அண்ணனைப் பார்த்து ஒரு விஷயம் பேசணும். சாமான் விஷயம் இல்ல."

உள்ளே வெங்காயம் தீயும் வாசனை வந்தது. பிறகு, "நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ்."

நெஞ்சில் கை வைத்து வணங்கினேன். இறங்கும்போது படிகள் பாதாளம் வரை போயின.

நவம்பர் 4

போகவில்லை. போய் நிற்க நான் என்ன தொழிலுக்குப் புதுசா?

நவம்பர் 22

புயல் மழை. கடல் எழுந்து டிராம் ஏறி வீட்டுக்கு வந்துவிடும் போலிருக்கிறது. இப்போதெல்லாம் அத்தாரின் பேட்டைப் பக்கம்தான் விற்கிறேன். அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று நடக்கிறேன். கூடை இறங்கினால் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பச்சைக் கயிறு. எவன் விற்றானோ, சணல் மாதிரி.

டிசம்பர் 15

டீ நன்றாக இல்லை. அதையும் நானே சொன்னேன்.

ஜனவரி 9

அவித்த மொச்சை விற்கும் கடையில் இத்ரீஸ் பிடித்துக்கொண்டான்.

"எங்கய்யா செத்துப் போயிருந்தே? மறுநாளே அந்தம்மா தமன்ஹூர்லேர்ந்து அண்ணனை வரவழைச்சாங்க. பஸ்பூசா இனிப்பு செஞ்சு, மாடிப்படி பூரா கழுவி விட்டாங்க. உன் பிரஷ்ஷாலதான். மனுஷன் அந்தி மஃரிப் தொழுகை வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தார்."

"இன்ஷா அல்லாஹ்னு சொன்னாங்களே..."

"சொல்லாம? நாளைக்கு நாம உயிரோட இருப்போமான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கு என்னடா தெரியும். ஊர்ல அத்தனை பேரும் அந்தச் சொல்லைப் போர்வையா போர்த்திக்கறாங்க. அவ ஒருத்தி அதோட அர்த்தத்திலேயே சொல்லியிருக்கா. கேட்டவன் நான் — வியாபாரி. வணங்கிட்டு அடுத்த கதவுக்குப் போயிட்டேன். அடுத்த கதவு எங்க இருந்தது?

போன மாதம் அண்ணன் வீட்டோடு போய்விட்டாளாம். தமன்ஹூர், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ரொட்டிக் கடைக்கு மேல்மாடி. மூன்றாம் மாடி பால்கனியில் இப்போது யாருடைய துணியோ காய்கிறது.

ஜனவரி 14

தமன்ஹூர். ரொட்டிக் கடைக்கு எதிரே நின்று, "பிரஷ், வடிகட்டி, கயிறு!" என்று கூவினேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூவினேன். பாலத்தின் மேல் போன ரயில் என்னைப் பார்த்து ஊதியது.

கூடை இறங்கியது. நீலக் கயிறு. கூடைக்குள் ஒன்றுமில்லை.

"பிரஷ்காரரே, உங்க 'நாளைக்கு' இவ்வளவு நீளமா? கப்பலை இழுக்கற கயிறுகூட இவ்வளவு நீளம் இல்லையே."

அளந்துவிட எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. "தப்பா புரிஞ்சுக்கிட்டேம்மா" என்றேன்.

ரொட்டிக் கடை வரிசை முழுக்க அண்ணாந்து பார்த்தது. கூடை ஆடிக்கொண்டே நின்றது. மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் இன்னைக்கு ஊர்ல இல்ல. நாளைக்கு வாங்க, இன்ஷா அல்லாஹ்."

கூடை மேலே போய்விட்டது. முகத்தைக் காட்டவில்லை. ரயிலில் வழியெல்லாம் அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தேன். இது எந்த இன்ஷா அல்லாஹ்?

ஜனவரி 15

போனேன். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு.