கோஸ்திஸ் தாடியை எடுத்த காலை

23 அக்டோபர் 1949

இன்று காலை என் கணவர் கோஸ்திஸ் தாடியை மழித்துவிட்டார். போரின்போது அவர் தம்பி மார்க்கோஸை ஜெர்மன்காரர்கள் சுட்டுக் கொன்ற அன்று விட்ட தாடி. எங்கள் கிரீட் மலையில் பழி தீர்க்காதவன் முகத்தில் கத்தி வைக்க மாட்டான். "எப்படி இருக்கேன்?" என்று கேட்டார். யாரோ மாதிரி இருந்தார். சொல்லவில்லை.

மதியம் சேதி வந்தது. எங்கள் ஊர் ஸ்ட்ராதிஸ் ஆட்டுப்பட்டியில் சுடப்பட்டுக் கிடக்கிறாராம்.

25 அக்டோபர்

போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். ஏதென்ஸ் பக்கத்துப் பையன்கள், தாடிக் கணக்கு தெரியாது. ஊருக்குத் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மார்க்கோஸைக் காட்டிக்கொடுத்தவன் செத்தான், அவ்வளவுதான் அவர்களுக்கு. நானும்தான் - கோஸ்திஸ் வீட்டில்தான் இருந்தார் என்று கூசாமல் சொன்னேன்.

28 அக்டோபர்

ஸ்ட்ராதிஸ்தான் காட்டிக்கொடுத்தவர் என்று எப்படித் தெரியும்? கோஸ்திஸிடம் கேட்டே விட்டேன். எரிந்து விழுந்தார். ஜெர்மன் முகாமுக்குப் பாலாடைக்கட்டி விற்றவனாம். மலையில் ஜெர்மன்காரர்களை எதிர்த்துப் போரிட்ட மார்க்கோஸ், இறங்கி வந்து வீட்டில் படுத்திருந்த இரவு, மோப்பம் பிடிக்க வந்து கதவைத் தட்டினானாம்.

"போடா நாயேன்னு கதவத் தொறக்காமலே விரட்டினேன். விடியறதுக்குள்ள ஜெர்மன்காரன் வந்துட்டான். இன்னும் என்ன சாட்சி வேணும் உனக்கு?"

1 டிசம்பர்

ஸ்ட்ராதிஸ் இறந்து நாற்பதாம் நாள். ஸ்ட்ராதிஸின் மனைவி கலியோப்பி இறந்தவர் பேரில் பகிரும் வேகவைத்த கோதுமையைக் கோயில் வாசலில் வைத்துக்கொண்டு நின்றாள். வாங்க ஆளில்லை. ஏன் போனேன் என்று தெரியவில்லை. கையேந்தி வாங்கி, வழக்கப்படி "கடவுள் அவர மன்னிக்கட்டும்" என்றேன்.

"எதுக்கு மன்னிக்கணும்?" என்றாள்.

பிறகு எல்லாம் சொன்னாள். முகாமில் எத்தனை பீரங்கி என்று பார்த்துவர, இடதுசாரிக் கொரில்லாக்கள்தான் அவரைப் பாலாடைக்கட்டி விற்க அனுப்பினார்களாம். போர் முடிந்ததும் அவர்களையே அரசாங்கம் பிடித்துச் சிறையில் போட்டது. அவர்களில் ஒருவனை ஸ்ட்ராதிஸ் குகையில் ஒளித்து ரொட்டி கொடுத்து வந்தார். உண்மையைச் சொன்னால் அவன் மாட்டுவான். அதனால் துரோகிப் பட்டத்தைச் சுமந்தார். போன வாரம்தான் அவன் கப்பலேறித் தப்பினானாம், அதனால்தான் இப்போது சொல்கிறாள்.

"ஜெர்மன்காரன் பிடிக்க வரப்போறான்னு முகாம்ல பேசினது காதுல விழுந்து, மார்க்கோஸக் கூட்டிட்டுப் போக மழையில ஓடினாரு. கத்த முடியல, தெருமுனையில காவல். உன் புருஷன் கதவத் தொறக்கல."

உண்மையில் யார் காட்டிக்கொடுத்தது? அவளுக்கும் தெரியாது.

2 டிசம்பர்

கோஸ்திஸிடம் சொல்லிவிட்டேன். பொய் என்றார். ரொட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"அன்னிக்கு ராத்திரி அழுதுகிட்டேதான் கூப்பிட்டான். நடிக்கிறான்னு நெனச்சேன்."

ஐயோ, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டபோதே நான் கேட்டிருக்கக் கூடாதா? தெரிந்துதானே சும்மா இருந்தேன்?

5 டிசம்பர்

அவர் படுக்கையை விட்டு எழவில்லை. ஆடுகளை நான்தான் கறந்தேன்.

6 டிசம்பர்

காலையில் வெள்ளைச் சட்டை கேட்டார். தேய்த்துக் கொடுத்தேன். போலீஸ் நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம். கலியோப்பியோட ஆலிவ் தோப்புல அறுவடைக்கு ஆள் இல்ல. அங்க போ."

போனேன். உதிரும் காய்களுக்காகக் கலியோப்பி மரத்தடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.