கயிறு எட்டவில்லை

ஐப்பசி 14, புதன். மழை விடவில்லை.

பிள்ளை பெற்றபின் முதன்முதலாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன அன்று, இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கின் கயிறு எட்டவில்லை. அம்மா கம்பம் ஊரிலிருந்து மலையேறியபோது ஆட்டைக் கட்டி இழுத்து வந்த கயிறு அது. ஆடு வழியிலேயே செத்தது. கயிறு இன்னும் அறவில்லை. பக்கத்து வீட்டு அன்னம் மதினி, "ஏட்டி, உள்ள இன்னொண்ணு கெடக்கா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ராத்திரிக் கஞ்சியை விட்டேன். வயிற்றைத் துணியால் இறுக்கினேன்.

இன்று கயிறு எட்டியது. மதினியிடம் காட்ட வேண்டும் என்றிருந்தேன். மதியம் பிள்ளைக் கொட்டகையில் பால் கொடுக்க உட்கார்ந்தால், மகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டாள். இரண்டு பக்கமும் பால் இல்லை. மதினிதான் தன் மகனை இறக்கிவிட்டு இவளை வாங்கிப் பால் கொடுத்து அமர்த்தினாள். என் வயிற்றில் இறுக்கிய துணி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"வெளாட்டுக்குல்ல ஏட்டி சொன்னேன். கயித்துக்கா பாலு குடுக்கப் போற?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்தெறிந்து இரண்டு கும்பா கஞ்சி குடித்தேன். பழைய சேலையைக் கிழித்துக் கயிற்றோடு முடிந்து நீட்டி வைத்துவிட்டேன். மார் இன்னும் கனக்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். மதினி பாலின் நிறைவில் மகள் தூங்குகிறாள். விழித்தால் என்ன கொடுப்பேன்?

இதோ, சிணுங்குகிறாள்.